பதினேழாம் மடி

பிப்ரவரி 4

மீன்பிடி கேம்பில் எனக்கு ஒரு காக்கிச் சட்டை, அளவு நாடா, கைவலை, தடித்த நோட்டு, ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். பூட்ஸ் ஆண்கள் அளவு. நுனியில் துணி அடைத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். ட்ரவுட் மீன் பிடிக்க வரும் விருந்தினர்களின் பின்னால் ஆற்றோரம் நடக்க வேண்டும். மீன் பட்டால் நீளம் அளந்து, இடம், நேரம் எழுதி, உயிரோடு விட்டுவிட வேண்டும். இவர்கள் புழு கோப்பதில்லை. இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்த ஃப்ளைதான் இரை. ஏமாந்து கடிக்கும் மீனை அன்போடு திருப்பி விடுகிறார்கள்.

மேனேஜர் நிரஞ்சன் சார் கோயம்புத்தூர்க்காரர். "விலங்கியல் படிச்சிருக்கீங்க, பேச்சும் கம்மி. ரெண்டுமே நமக்கு வேணுங்க" என்றார். ஜூனில் மழை இறங்கியதும் சீசன் முடியும். அதுவரை தற்காலிகம். நோட்டு ஒழுங்காக இருந்தால் நிரந்தர ஆர்டர்.

வீட்டில் சொன்னேன். கொழுந்து பறித்த கை கழுவாமலே அம்மா சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கறை பட்டதா என்று பார்த்தாள்.

பிப்ரவரி 6

எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் யாரும் ட்ரவுட் சாப்பிட்டதில்லை. துரை மீன் என்றுதான் பெயர். பிடித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அப்பா இருந்த காலத்துப் பேச்சு. இருபத்திரண்டு வருடம் இந்த ஆற்றின் மேலே குடியிருந்து, இன்றுதான் ஒன்றைத் தொட்டேன். சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. பக்கவாட்டில் மங்கலான இளஞ்சிவப்புக் கோடு. பன்னிரண்டு அங்குலம்.

பிப்ரவரி 13

விருந்தினர்கள் எல்லோரும் பாலத்தடியில் இருக்கும் அகலமான குட்டைக்கே போகிறார்கள். நிற்க வசதி, பார்க்க அழகு. பாலத்துக்கு மேலே அருவி வரை ஆறு பாறை பாறையாக விழுந்து, வெள்ளையாக இரைந்து வருகிறது. "அது வெறும் நுரை" என்று தாண்டிப் போகிறார்கள்.

மீன் அங்கேதான் இருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். ஓடும் தண்ணீர் பாறையில் முட்டும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வேகம் குறைகிறது. பாறைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பெரிய இடம். மீன் அதற்குள் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டத்தில் எது அடித்து வந்தாலும் தலையை மட்டும் நீட்டி எடுத்துக்கொள்கிறது. உடம்புக்கு வேலையில்லை. விருந்தினர்கள் அதைப் பாக்கெட் என்கிறார்கள். நான் மடி என்று எழுதிக்கொள்கிறேன். கீழிருந்து மேலாக எண் போட்டு வருகிறேன்.

பிப்ரவரி 19

மேத்யூஸ் சார் வந்தார். குன்னூரில் இருக்கிறார். பழைய எஸ்டேட் மேனேஜர், ஆற்றுக் குத்தகை கமிட்டிக்குத் தலைவர். அவர் வந்தால் நிரஞ்சன் சார் ஷூவைத் துடைத்துக்கொள்கிறார்.

அவர் தூண்டில் கம்பு வீசுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நூல் தலைக்கு மேல் நீளமாக விரிந்து, ஆற்றின் அந்தக் கரையில் சத்தமில்லாமல் இறங்குகிறது. இரண்டு மணி நேரம். ஒரு மீன் இல்லை. நூல் நான்கைந்து ஓட்டங்களின் மேல் குறுக்கே கிடந்தது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு வேகம். அவை நூலை இழுக்க, நூல் ஃப்ளையை இழுத்தது. நிஜப் பூச்சி அப்படி ஓடாது.

எப்படி வாய் திறந்தேன் என்று தெரியவில்லை. "சார், கிட்ட போங்க."

"என்ன சொன்ன?"

"கிட்ட போங்க சார். கீழருந்து ஏறிப் போங்க. மீன் தண்ணி வர்ற பக்கம் பாத்துத்தான் நிக்கும். பின்னால வர்ற ஆள் தெரியாது."

"எவ்ளோ கிட்ட?"

"ரெண்டு கம்பு நீளம்."

"ஓடிப்போகாதா?"

"இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்காது சார். மேல நுரை. அதுக்குப் பாக்கவும் முடியாது."

"யார் சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"நோட்டுல இருக்கு சார்."

அவர் சிரித்தார். ஆனால் போனார். முட்டி மடக்கி, கம்பை உயரத் தூக்கி, நூல் தண்ணீரைத் தொடாமல் ஃப்ளையை மட்டும் பாறையோரம் விட்டார். மூன்றாவது வீச்சில் கம்பு வளைந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து. "இந்தப் பொண்ணு பேர் என்ன?" என்று நிரஞ்சன் சாரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. "யோகமலர் சார், பி.எஸ்சி." என்று அவர் பதில் சொன்னார்.

பிப்ரவரி 25

ஒரு மீன் தூண்டில் ஊசியை ஆழமாக விழுங்கிச் செத்துவிட்டது. பதினேழாம் மடியில் பட்டது. குடலை மட்டும் கேட்டு வாங்கி, ஷெட்டுக்குப் பின்னால் பிளேடால் திறந்தேன். கல்லூரி லேபில் தவளையோடு நின்றுபோன வேலை.

கல்துகளால் கூடு கட்டும் பூச்சிகள் நான்கு. பெயர் தெரியாத கறுப்புப் புழு ஒன்று. சோற்றுப் பருக்கை பதினொன்று. ஒரு கடுகு.

தடித்த பருக்கை, ரேஷன் அரிசி. பதினேழாம் மடிக்கு நேர் மேலே சட்டிப்பாறை இருக்கிறது. எங்கள் லைன் பெண்கள் காலை ஏழு மணிக்குச் சட்டி பானை கழுவும் பாறை. கழுவிய தண்ணீர் ஒரே ஓட்டமாக வழிந்து நேராக மடிக்குள் விழுகிறது. அங்கே எப்போதும் பெரிய மீன் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கேம்ப் நோட்டில் "இரை: பூச்சிகள்" என்று எழுதினேன். சோறு என்று எழுதக் கை வரவில்லை. யார் வீட்டுச் சோறு என்று கேட்பார்கள். அத்தனை தூரத்திலிருந்து வந்து விருந்தினர்கள் இறங்கி நிற்கும் தண்ணீர் இது.

மார்ச் 3

மேத்யூஸ் சார் பதினேழுக்கு ஏறிப் போகும்போது மணி ஏழரை. சட்டிப்பாறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா. சாரைப் பார்த்ததும் இருவரும் எழுந்து, சட்டியை இடுப்பில் வைத்து ஒதுங்கி நின்றார்கள். அவர் போட்டோ எடுத்தார்.

"தெரிஞ்சவங்களா?"

"லைன் ஆளுங்க சார்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பேச்சியக்கா வாசலில் வந்து நின்றாள். "என்னா புள்ள, காலைல யாரையோ பாத்தேன். உன்னைய மாதிரியே சட்டை போட்டிருந்துச்சி."

"சும்மா இரு பேச்சி" என்றாள் அம்மா. "வேல நேரத்துல பேசக்கூடாதுன்னு ரூல் இருக்கும்."

"அம்மான்னு சொல்றதுக்குமா ரூலு?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேனா என்று பார்க்கவும் இல்லை.

மார்ச் 12

"மேத்யூஸ் சார் உங்களப் பத்தியே பேசறாருங்க" என்றார் நிரஞ்சன் சார். பாலம் முதல் அருவி வரை எல்லா மடிகளையும் குறித்து ஒரு மேப் வேண்டுமாம். கூடவே எப்படிப் பிடிப்பது என்று ஒரு பக்கம்.

எழுதினேன். எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம். முதலில் காலடியில் இருக்கும் மடியைப் பாருங்கள், தூரத்தில் இருப்பது எங்கும் போகாது என்று ஆரம்பித்தேன். மங்கலான உடை. பாறையின் பின்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்க ஓரங்கள், கடைசியில் முன்பக்கம். இந்த வரிசை மாறினால் பின்னால் நிற்கும் மீன் முன்னால் இருப்பதையும் கலைத்துவிடும். ஒரு மடிக்கு நான்கு வீச்சு, அதற்கு மேல் நின்றால் நேரம்தான் போகும். ஃப்ளை நன்றாக மிதக்க வேண்டும், எந்தப் பூச்சி போல் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். வேகத் தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரமில்லை, எடுக்க வேண்டும் அல்லது இழக்க வேண்டும்.

நிரஞ்சன் சார் இரண்டு தடவை படித்தார். "கடைசி வரி சூப்பருங்க" என்றார்.

மார்ச் 20

மேப் முடிந்தது. அறுபத்திரண்டு மடிகள். நிரஞ்சன் சார் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "இதுல இருநூறு மீட்டர் மட்டும் தனியாப் பாதுகாக்கறதா கமிட்டி பிளான். நடமாட்டம் இல்லாமப் பண்ணிடலாம். எந்த இடம்னு நீங்களே ஸ்டார் போடுங்க. உங்க டேட்டாதான்."

பதினேழில் இதுவரை முப்பத்தெட்டு மீன். நாற்பத்தொன்றில் முப்பத்தொன்று. நாற்பத்தொன்று அருவிக்குக் கீழே, காட்டுக்குள் இருக்கிறது. எண்ணிக்கைப்படி பதினேழுதான். எண்ணிக்கைப்படி போட்டேன்.

நடமாட்டம் என்றால் மாடுகள் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 8

வேலி போட்டுவிட்டார்கள். இரும்புத் தூண், பச்சை வலை, இங்கிலீஷில் ஒரு போர்டு. சட்டிப்பாறை வேலிக்கு உள்ளே.

காலையில் பெண்கள் சட்டிகளோடு வந்து போர்டின் முன்னால் நின்றிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் கேம்பில் இருந்தேன்.

பேச்சியக்கா வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை. "ஏன் புள்ள, நீ அங்கதான இருக்க? ஒரு வார்த்த சொல்ல ஏலாதா?"

"எனக்கு முன்னாடி தெரியாதுக்கா."

"இனிமே எங்க போயி கழுவுறது?"

மேல் ரோட்டில் எஸ்டேட் பைப் இருக்கிறது. காலை ஆறிலிருந்து ஏழரை வரை தண்ணீர். ஏறிப் போக இருபது நிமிடம். மொத்தம் முப்பத்தாறு வீடுகள்.

"பைப்பு இருக்குதானே" என்றாள் அம்மா. "மேட்டுல ஏறினா ஒடம்புக்கு நல்லது." அவளுக்கு இடது முட்டியில் நீர் கோத்திருக்கிறது. மலைச்சரிவில் நாளெல்லாம் நின்று பறிக்கிறவர்களுக்கு வருவது.

ஏப்ரல் 9

முந்திய பக்கங்களைப் படித்தேன். மாடுகள் என்று எழுதியிருக்கிறேன். எங்கள் லைனில் யாரிடமும் மாடு இல்லை.

ஏப்ரல் 15

அம்மாவுக்குப் பைப்பில் முறை வர ஏழேகால் ஆகிறது. குடத்தை வீட்டில் இறக்கியதும் நேராகப் பறிக்கப் போகிறாள். சட்டியைக் கழுவாமல் மூடி வைத்துவிட்டு, சாயங்காலம் குடத்தில் இருக்கிற தண்ணீரில் கழுவுகிறாள். அந்தத் தண்ணீர் வாசல் மண்ணில் ஊற்றப்படுகிறது. எறும்பு வருகிறது.

ஏப்ரல் 26

பதினேழில் பத்து நாளாக ஒன்றும் படவில்லை. அதற்கு முந்திய வாரம் ஒரே ஒரு குட்டி. மற்ற மடிகள் சரியாக இருக்கின்றன. மேலே நின்று பார்த்தேன். பாறை அதே பாறை, ஓட்டம் அதே ஓட்டம். உள்ளே தெளிந்த தண்ணீர் மட்டும்.

"நீர்நாய் வந்திருக்குமோ?" என்றார் நிரஞ்சன் சார்.

"இருக்கலாம் சார்."

மே 4

பதினெட்டாம் தேதி கமிட்டி வருகிறது. மேத்யூஸ் சார், அவரோடு நான்கு பேர். வேலி போட்ட இடத்தில் மீன் பிடித்துப் பார்த்துத்தான் குத்தகையை நீட்டுவார்கள்.

நிரஞ்சன் சார் என்னை உட்காரச் சொன்னார். மேசையில் என் பெயர் டைப் அடித்த ஆர்டர் இருந்தது. களப் பதிவாளர், நிரந்தரம். கீழே கையெழுத்து இல்லை.

"பதினேழு காலியா இருந்தா மேப் தப்புன்னு ஆயிருமுங்க. மேப் தப்புன்னா நீங்க எழுதினது எல்லாமே சந்தேகம். நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? நல்லா யோசிங்க. ஏன் போச்சு? உங்களுக்குத் தெரியாம இருக்காதே."

ஒரு வரி சொன்னால் போதும். வேலிக்கு முன்பு அங்கே சட்டி கழுவினார்கள் சார், மீன் சோற்றுக்கு வந்தது. வேலி போய்விடும். பிப்ரவரியில் ஏன் பூச்சி என்று எழுதினாய் என்று கேட்பார்கள். அந்த நோட்டில் வேறு எதெல்லாம் அப்படி என்று கேட்பார்கள். ஆர்டரும் போய்விடும். இரண்டும் ஒரே வரியில் இருந்தன.

"பாக்கறேன் சார்" என்றேன்.

மே 5

இன்று மதியம் பசியில்லை.

மே 6

பசியில்லை.

மே 9

எழுதிவிடுகிறேன். இது என் சொந்த நோட்டு, கேம்பில் யாரும் பார்க்கப் போவதில்லை.

ஐந்து நாளாகக் காலை ஏழு மணிக்கு வேலிக்குள் போகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. சட்டிப்பாறையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டப்பாவைத் திறந்து, சோற்றை ஆற்றுத் தண்ணீர் விட்டுப் பிசைகிறேன். கட்டியாகப் போட்டால் மூழ்கிவிடும். பருக்கை பருக்கையாக, கழுவின தண்ணீர் போலவே வழிய விட வேண்டும். முதல் நாள் பாதி டப்பா. இப்போது முழுதும். கடைசியில் டப்பாவை மண் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறேன். அம்மா பார்த்தால் மிச்சம் இல்லை என்று சந்தோஷப்படுவாள்.

இன்று ஒரு நிழல் மடிக்குள் வந்து நின்றது. எட்டு அங்குலம் இருக்கும். தலையை நீட்டியது, எடுத்தது, உள்ளே போனது.

மே 13

மூன்று நிழல். ஒன்று பெரியது.

"கேம்புல ரொம்ப வேலையா?" என்றாள் அம்மா. "டப்பா வழிச்சாப்ல வருது, நீ என்னமோ எளைச்சிக்கிட்டே போற." இன்னொரு கரண்டி வைத்தாள்.

மே 18

காலையில் சோறு போடவில்லை. பசியோடு இருந்தால்தான் எடுக்கும்.

கமிட்டி ஒன்பது மணிக்கு வந்தது. வேலியை, போர்டைப் பார்த்து, எல்லோரும் தலையாட்டினார்கள். மேத்யூஸ் சார் நான் எழுதிய மாதிரியே கீழிருந்து ஏறி, முட்டி மடக்கி, கம்பைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைச் சின்ன ஃப்ளை வைத்துப் பாருங்கள் என்று நான்தான் சொன்னேன். பருக்கை அளவு. இரண்டாவது வீச்சில் எடுத்தது.

பதினேழரை அங்குலம். இந்த சீசனில் பெரியது. கைவலைக்குள் வாங்கி அளந்தேன். தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தபோது அது வாயைத் திறந்து மூடியது. விட்டேன். நேராகப் பழைய இடத்துக்கே போனது.

எல்லோரும் கை தட்டினார்கள். "இந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள எழுதியிருக்கிறதப் படிக்குது" என்றார் மேத்யூஸ் சார், மற்றவர்களிடம்.

மே 21

ஆர்டர் கிடைத்தது. அம்மா அதை அப்பா படத்துக்கு முன்னால் வைத்து, படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு காலை நீட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சோறு போடுவதை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் நிறுத்தினேன். நேற்று நிழல் ஒன்றுதான் இருந்தது. இன்று மறுபடி போட்டேன்.

மே 28

மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும் என்பதை மறந்துவிட்டேன். பைப் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு இன்று முட்டி மடங்கவில்லை என்று சாயங்காலம் குடத்தை நான் எடுத்துப் போனேன். இப்போது சாயங்காலமும் கொஞ்ச நேரம் தண்ணீர் விடுகிறார்கள். பேச்சியக்கா வரிசையில் இருந்தாள். என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் நின்றவளிடம், எனக்குக் கேட்கும்படி பேசினாள்.

"வேலிக்குள்ள ஒருத்தி மட்டும் டப்பா கழுவுறா, பாத்தியா?"

"ஆபீசருங்க கழுவலாம்டி."

"நம்ம கழுவினா தண்ணி அழுக்காவும். அவ படிச்ச புள்ள. அவ எச்சி சுத்தம்."

யாரோ சிரித்தார்கள். எனக்கு வழி விட்டார்கள். வரிசையில் நிற்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குடத்தை வாங்கிப் பைப்படியில் வைத்தார்கள். காக்கிச் சட்டைக்கு ஒதுங்கி நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தான். நிறையும் வரை நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 1

காலையில் அம்மா இரண்டு டப்பா வைத்தாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"பெருசு ஒனக்கு. அத நீதான் திங்கணும்." சின்னதைத் தள்ளி வைத்தாள். "இதுல உப்புப் போடல. அதுகளுக்கு உப்பு ஆகுமோ ஆகாதோ."

பேச்சியக்கா சொன்னாளா, அம்மாவே வரிசையில் நின்று பார்த்தாளா என்று கேட்கவில்லை. அவள் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு, கூடையை மாட்டிக்கொண்டு, வாசற்படியில் இடது காலை முதலில் இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏம்மா எதுவுமே கேக்க மாட்டேங்கிற?"

"என்னா கேக்குறது? வேல நெரந்தரமாயிருச்சில்ல?" என்றாள். "மூடி இறுக்கமா இருக்கு. பாத்து தொற."

சின்ன டப்பாச் சோறு இன்னும் சூடாக இருந்தது. மேல் பைப்பிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் வடித்தது. பதினேழில் நான்கு நிழல் நின்றன.

ஜூன் 3

மழை தொடங்கிவிட்டது. ஆறு கலங்கி, மடிகள் எல்லாம் ஒரே வெள்ளமாகிவிட்டன. நாளையோடு சீசன் முடிகிறது.

நிரஞ்சன் சார் ஆண்டு அறிக்கைப் படிவம் கொடுத்தார். அடுத்த சீசனுக்கு வேலியை இன்னும் முந்நூறு மீட்டர் மேலே நீட்டலாம் என்று கமிட்டியில் பேச்சாம். அதற்கு என் அறிக்கைதான் ஆதாரம். படிவத்தில் ஒரு கட்டம்: "மடி 17. மே மாதத்தில் மீன்கள் பெருகியதற்குக் காரணம்."

ஜன்னலுக்கு வெளியே மழையில் பெண்கள் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, குடங்களோடு மேல் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரிச் சாக்கு. இவ்வளவு தூரத்திலிருந்து யார் யாரென்று தெரியாது. கடைசியில் ஒருத்தி இடது காலை இழுத்து வைத்து ஏறினாள்.

"வேலி அமைத்தபின் மனித நடமாட்டம் முற்றிலும் நின்றதால்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"பேருக்குப் பக்கத்துல பி.எஸ்சி. போட்டுருங்க" என்றார் நிரஞ்சன் சார்.

போட்டேன்.